குறட்டைக்கு வாயில் வைக்கும் தாடைக் கருவி: வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மலர்விழி, திருச்சி
12 மார்ச், இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரருக்கு 46 வயது. சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். வேளாங்கண்ணி, ராமேசுவரம், ஐயப்ப சீசனில் சபரிமலை என்று பாதி மாதம் ராத்திரிப் பயணம்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்தே குறட்டை உண்டு. அதை எங்கள் வீட்டில் யாரும் வியாதியாக எண்ணியதில்லை. உழைத்த அசதியில் நன்றாகத் தூங்குகிறான் என்றுதான் மாமியார் சொல்வார்.

தை மாதம் ராமேசுவரத்திலிருந்து திரும்பும்போது, விடியற்காலை 4 மணி இருக்கும், வேன் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் போய் நின்றது. உள்ளே 12 பேர். சாமி புண்ணியத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கண் அசந்துவிட்டது என்றார். ஆனால் முந்தின நாள் பகல் முழுக்க லாட்ஜில் படுத்துத் தூங்கியிருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். தூக்கம் கெட்டிருந்தால் புரிந்துகொள்ளலாம். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கு ஏன் கண் சொருக வேண்டும்?

அப்புறம்தான் நுரையீரல் டாக்டரிடம் போய் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கப் பரிசோதனை, எடுத்தோம். ஏஹெச்ஐ 19 என்று வந்தது; தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்காம் அது. நடுத்தர ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி என்றார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். ராத்திரி 2 மணிக்குப் பார்த்தால் மாஸ்க் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். தான் கழற்றியதே அவருக்குத் தெரியாது. வேனிலேயே படுக்கும் நாட்களில் கரண்டுக்கு எங்கே போவது என்பது இன்னொரு பிரச்சினை.

இப்போது டாக்டர், கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும் கருவி ஒன்றைப் பல் டாக்டரிடம் செய்துகொள்ளலாம் என்கிறார். இது உண்மையில் வேலை செய்கிறதா? பல் ஆடிப்போகுமா? ஆன்லைனில் ஓரிரு ஆயிரத்துக்கு இதே மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுவே போதாதா? வைத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.


ரகு, சேலம்
12 மார்ச், இரவு 11.02

நான் நான்கு வருடமாக வைத்துக்கொண்டு தூங்குகிறேன். வேலை செய்கிறது. என் ஏஹெச்ஐ 22 இருந்தது, கருவியோடு எடுத்ததில் 6. சிபாப்பும் வீட்டில் இருக்கிறது, சளி பிடித்த நாட்களில் இரண்டையும் தொடுவதில்லை, தலையணையை உயர்த்திச் சாய்ந்து தூங்கிவிடுவேன்.

முதல் பத்து நாள் கஷ்டம்தான். எச்சில் தலையணையை நனைக்கும். காலையில் தாடை மூட்டில், காதுக்கு முன்னால், ஒரு வலி இருக்கும். பல் துலக்கியதும் கடவாய்ப்பல் ஒன்றோடொன்று சேராது. இட்லி சாப்பிடலாம், முறுக்கு கடிக்க முடியாது. ஒரு அரை மணி, முக்கால் மணியில் சரியாகிவிடும். அதற்காகப் பயந்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த மாற்றம் என்ன என்று கேட்டால், ராத்திரி மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்தேன். சர்க்கரை என்று நினைத்து அதற்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தேன், சர்க்கரை இல்லை. கருவி வைத்த இரண்டாவது மாதத்திலிருந்து ஒரு தடவைகூட எழுவதில்லை. மூச்சு அடைபட்டு இழுக்கும்போது இதயத்தின் மேல் அறை விரிந்து, உடம்பில் தண்ணீர் அதிகம் என்று நினைத்துக்கொண்டு சிறுநீரகத்துக்குத் தகவல் அனுப்புமாம். டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.


சங்கர், திருநெல்வேலி
13 மார்ச், காலை 7.20

சகோதரி, ஆன்லைன் கருவி பற்றிக் கேட்டீர்கள். என் கதையைச் சொல்கிறேன், முழுதாகப் படியுங்கள்.

மூன்று வருடம் முன்பு நான் வாங்கியது அதுதான். சுடுதண்ணீரில் போட்டு, இளகியதும் வாயில் வைத்துக் கடித்தால் நம் பல் அச்சு அதில் பதிந்துவிடும். ஸ்லீப் ஸ்டடி எதுவும் எடுக்கவில்லை. குறட்டைதானே என்று வாங்கினேன். முதல் வாரத்திலேயே குறட்டை பாதிக்கு மேல் குறைந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்த என் மனைவி திரும்ப எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன். ஒன்றரை வருடம் அப்படியே போனது.

அந்த ஒன்றரை வருடமும் எனக்குப் பகல் தூக்கம் இருந்தது. காலையில் தலை கனம் இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் இதய டாக்டர்தான் சந்தேகப்பட்டு ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்பினார். அந்தக் கருவியை வைத்துக்கொண்டே படுக்கச் சொன்னார்கள். ஏஹெச்ஐ 37 வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. ராத்திரி முழுக்கக் குறட்டைச் சத்தம் பெரிதாக இல்லை. மூச்சு மட்டும் நின்று நின்று வந்திருக்கிறது.

கருவி பயனில்லை என்று நான் சொல்லவில்லை. சத்தம் நின்றதைப் பார்த்து நானே எனக்குக் குணம் என்று சீட்டு எழுதிக்கொண்டேன், அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு எந்தக் கருவி வைத்தாலும், அதை வைத்துக்கொண்டே இன்னொரு தடவை ஸ்லீப் ஸ்டடி எடுங்கள். நான் இப்போது சிபாப்பில்தான் இருக்கிறேன். மாத்திரை ஒன்றுக்கு வந்துவிட்டது.


பல் மருத்துவர், கோவை
13 மார்ச், பிற்பகல் 2.45

நான் இந்தக் கருவிகளைச் செய்து கொடுக்கும் பல் மருத்துவர். சங்கர் எழுதியதை என் ஒவ்வொரு நோயாளியும் படிக்க வேண்டும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த இடத்திலேயே வாயை லேசாகத் திறந்து, குறட்டை விடுவது போலச் சத்தம் எழுப்பிப் பாருங்கள். இப்போது கீழ்ப்பல் வரிசை மேல்பல்லுக்கு முன்னால் வரும்படி தாடையைத் தள்ளிக்கொண்டு அதே சத்தத்தை எழுப்பிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு வராது, வந்தாலும் சன்னமாகிவிடும். நாக்கின் அடி கீழ்த்தாடையோடு கட்டுண்டிருக்கிறது. தாடை முன்னால் வந்தால் நாக்கும் வரும். உள்நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பாதையின் பக்கச் சுவர்களும் இழுபட்டு அகலமாகும். மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சு வர, மயக்க மருந்து டாக்டர்கள் தாடைக் கோணத்தைப் பிடித்து முன்னால் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரவு முழுக்க அந்தக் கையின் வேலையை இந்தக் கருவி செய்கிறது, அவ்வளவுதான். கருத்து புதிதும் அல்ல. சின்னத் தாடையோடு பிறந்து நாக்கு பின்னால் விழுந்து மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு, பிரான்சில் பியேர் ரோபேன் என்ற மருத்துவர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தாடையை முன்னால் கொண்டுவரும் கருவியைப் பயன்படுத்தினார்.

அளவெடுத்துச் செய்யும் கருவியில் மேல்பல்லுக்கு ஒரு தகடு, கீழ்ப்பல்லுக்கு ஒரு தகடு. இரண்டையும் இணைக்கும் இடத்தில் திருகு இருக்கும். ஒருவர் தாடையை எவ்வளவு தூரம் முன்னால் நீட்ட முடியும் என்று முதலில் அளப்போம். ஏறத்தாழ அதில் பாதியில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுபோவோம். சுடுதண்ணீர்க் கருவியில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. தூக்கத்தில் எளிதாகக் கழன்றும் விடும். விலை பல மடங்கு வித்தியாசப்படுவதற்குக் காரணம் இந்தப் பொருத்தமும் இந்த நகர்த்தலும்தான். 2015இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டியும், பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்த, நகர்த்தக்கூடிய கருவியைத்தான் பரிந்துரைக்கிறது. கருவியோடு மறுபடி தூக்கப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏஹெச்ஐ முழுதாக இயல்புக்கு வருகிறது. இன்னொரு பங்கினருக்கு நன்றாகக் குறைகிறது, ஆனாலும் மிச்சம் இருக்கிறது. மீதிப் பேருக்குப் பெரிய பலன் இல்லை. உடல் எடை அதிகமில்லாதவர்கள், மல்லாந்து படுத்தால் மட்டும் மோசமாகிறவர்கள், லேசான அல்லது நடுத்தர நிலையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

ஈறு நோய் இருந்தாலோ, பல் ஆட்டம் கண்டிருந்தாலோ, தாடை மூட்டில் வலி இருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கருவி பிடித்து நிற்கும் அளவுக்கு உறுதியான பற்கள் வேண்டும். மூளையிலிருந்து மூச்சுக் கட்டளையே வராமல் நிற்கும் வகை ஆப்னியா ஒன்று உண்டு, அதற்கு இது உதவாது. ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் நேராக என்னிடம் வருபவர்களை முதலில் ஸ்லீப் ஸ்டடிக்குத்தான் அனுப்புகிறேன்.


செந்தில், கும்பகோணம்
13 மார்ச், மாலை 6.30

எங்கள் மாமா நாகஸ்வரக்காரர். 70 வயதிலும் குறட்டை இல்லை. தினமும் ஊதினால் தொண்டைத் தசை உறுதியாகிவிடும் என்பார். பிராணாயாமமும் அப்படித்தான். இவ்வளவு செலவு செய்து பிளாஸ்டிக்கை வாயில் வைப்பதற்கு முன்னால் மூச்சுப் பயிற்சி செய்து பார்க்கலாமே, அக்கா?


இரவுப்பணி, சென்னை
14 மார்ச், அதிகாலை 3.50

செந்தில் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நான் ஸ்லீப் லேபில் டெக்னீசியன். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் டிஜெரிடூ என்ற நீண்ட ஊதுகருவியை நான்கு மாதம் பழகியவர்களுக்குப் பகல் தூக்கமும் ஏஹெச்ஐயும் குறைந்தன என்று சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. 25 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. நாக்குக்கும் தொண்டைக்கும் தரும் பயிற்சிகளும் ஓரளவு உதவுகின்றன. ஆனால் அதற்கு மாதக்கணக்கு ஆகும், தம்பி. இவர் வேன் ஓட்டுகிறவர். பயிற்சி சிகிச்சையோடு கூட இருக்கட்டும், சிகிச்சைக்குப் பதிலாக வேண்டாம்.

மலர் அக்கா, இந்த நேரத்தில் நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தூங்குகிறார். என் திரையில் மூக்கருகே வரும் மூச்சுக் கோடு தட்டையாகிறது. நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பட்டை மட்டும் ஏறி இறங்குகிறது. மூச்சு இழுக்கப் போராடுகிறார், காற்று போகவில்லை. 10 நொடி தாண்டினால் நாங்கள் கணக்கில் எடுப்போம். இவருக்கு 25, 30 நொடி போகிறது. ஆக்சிஜன் கோடு கொஞ்சம் தாமதித்து இறங்குகிறது. அப்புறம் மூளை அலையில் ஒரு சின்ன விழிப்பு, மூன்று நான்கு நொடிதான், உடனே ஒரு பெரிய குறட்டை, மூச்சு வந்துவிடுகிறது. காலையில் கேட்டால் ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பார்.

ஏஹெச்ஐ 19 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 19 தடவை. ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒன்று. ஏழு மணி நேரம் தூங்கினால் 130 தடவைக்கு மேல். ஒரு மனிதரை மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் அவர் தூங்கியதாக ஆகுமா? உங்கள் வீட்டுக்காரர் லாட்ஜில் எட்டு மணி நேரம் தூங்கியும் கண் சொருகியது இதனால்தான். கனவுத் தூக்கம் விடிகாலையில்தான் அதிகம் வரும். அந்த நேரம் தசைகள் முழுதாகத் தளர்வதால் மூச்சு நிற்பதும் அப்போது கூடும்.

சிகிச்சை சரியாக அமைந்து, மறுபரிசோதனை முடியும்வரை ராத்திரி வண்டி ஓட்ட விடாதீர்கள், அக்கா. வருமானம் போகும், தெரியும். என் அண்ணனும் லாரி ஓட்டுகிறவர்தான். இருந்தும் சொல்கிறேன்.


கௌரி, யாழ்ப்பாணம்
14 மார்ச், இரவு 8.05

வணக்கம். என்ர அப்பாவுக்கு 71 வயது. மேலும் கீழும் பல்லுச்செற் தான். அவரும் குறட்டை, மூச்சு நிண்டு நிண்டு வரும். பல் இல்லாதவைக்கு இந்தக் கருவி சரிவராதெண்டு பல் வைத்தியர் சொல்லிப் போட்டார். வேற வழி ஏதும் இருக்கோ?


பல் மருத்துவர், கோவை
14 மார்ச், இரவு 9.30

கௌரி, பல் இல்லாதவர்களுக்கு நாக்கைப் பிடிக்கும் கருவி என்று ஒன்று உண்டு. மென்மையான சிலிக்கான் குமிழ் போல இருக்கும். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு நாக்கு நுனியை அதற்குள் விட்டால், உறிஞ்சல் நாக்கை முன்னால் பிடித்து வைக்கும். நாக்கு காய்ந்துபோவது, எச்சில் வடிவது, நாக்கு நுனி புண்ணாவது எல்லாம் உண்டு. பழகிக்கொள்கிறவர்கள் தாடைக் கருவியை விடக் குறைவு. அப்பாவின் வயதுக்கு முதலில் சிபாப்பையே பொறுமையாக முயன்று பாருங்கள். முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் கிடைத்துவிட்டால் பாதிச் சிரமம் போய்விடும். பல்செட்டைக் கழற்றிய முகத்தில் மாஸ்க் வேறு மாதிரி உட்காரும், ஆகவே தூங்கும்போது எப்படி இருப்பாரோ அப்படியே வைத்து அளவு பாருங்கள்.


மலர்விழி, திருச்சி
15 மார்ச், காலை 11.40

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரவுப்பணித் தம்பி எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் தானாகவே அடுத்த மாத ராத்திரி டிரிப்புகளுக்கு வேறு டிரைவர் பேசிவிட்டு வந்தார்.

ஒரு கேள்வி. பல் நகர்ந்துவிடும் என்று பலர் சொல்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? அவருக்குப் பல் வரிசை நன்றாக இருக்கும்.


ரகு, சேலம்
15 மார்ச், பிற்பகல் 1.15

உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. எனக்கு முன்பெல்லாம் மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் நிற்கும். இப்போது இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டன. நூல் கடித்து அறுக்க முடிகிறது, முன்பு முடியாது. கடைசிக் கடவாய்ப்பல்லில் ஒரு பக்கம் லேசாக இடைவெளி இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. என் பல் டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அச்சு எடுத்து ஒப்பிடுகிறார்.


பல் மருத்துவர், கோவை
15 மார்ச், இரவு 9.10

ரகு சொன்னது சரியான படம். தாடை முன்னால் இழுபட்டு நிற்கும்போது, அது பின்னால் திரும்பப் பார்க்கும். அந்த விசை மேல் முன்பற்களை உள்பக்கமும் கீழ் முன்பற்களை வெளிப்பக்கமும் தள்ளும். மாதத்தில் தெரியாது, வருடக்கணக்கில் தெரியும். பயன்படுத்தும் காலம் வரை மெதுவாகத் தொடரும். பெரும்பாலோருக்குச் சாப்பிடுவதற்கோ பேசுவதற்கோ தொந்தரவு இருக்காது. நிறையப் பேர் நாங்கள் காட்டும்வரை கவனிப்பதே இல்லை.

குறைத்துக்கொள்ள வழி உண்டு. காலையில் கருவியைக் கழற்றியதும், நாங்கள் தரும், கடித்துக்கொள்ளும் சின்னத் தகட்டைப் பின்பற்களுக்கு இடையில் வைத்துச் சில நிமிடம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய கடிக்குத் தாடை திரும்பும். இதைச் சோம்பல்படாமல் செய்கிறவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் என் கண்ணுக்கே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் மலர்விழி, ஒரு மில்லிமீட்டர் பல் நகர்வையும், வேனில் நேர்ந்ததையும் ஒரே தட்டில் வைத்து யோசிக்க முடியாது. எது முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.


இரவுப்பணி, சென்னை
16 மார்ச், அதிகாலை 4.20

சிபாப்பை விட்டுவிட்டுக் கருவிக்குப் போவது தோல்வி என்று நிறையப் பேர் மனம் உடைகிறார்கள், அது வேண்டாம். சிபாப்பை உருவாக்கியவர் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன், 1981இல் அதைப் பற்றி வெளியிட்டார். அதே சிட்னியில்தான் இரண்டையும் ஒரே நோயாளிகளுக்கு ஒரு மாதம் அது, ஒரு மாதம் இது என்று கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. மூச்சு நிற்பதைக் குறைப்பதில் சிபாப்தான் மேல். ஆனால் சிபாப்பை ராத்திரிக்குச் சராசரி ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் போட்டிருந்தார்கள், கருவியை ஆறரை மணி நேரம். கடைசியில் ரத்த அழுத்தத்திலும் பகல் தூக்கத்திலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டிலுக்குக் கீழே கிடக்கும் மாஸ்க் யாருக்கும் மூச்சு கொடுக்காது, அக்கா.

ஆக்சிஜன் ரொம்பவும் இறங்குகிறவர்களுக்கு மட்டும் நான் சிபாப்பை விடச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்வி இருக்கிறது. மெல்பர்னில் 1991இல் வந்தது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியம் சாப்பிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, சிக்னலில் வண்டி நிற்கும்போது என்று ஒவ்வொன்றிலும் கண் அசர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இப்போதே அவருக்குப் போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். நீங்களும் தனியாகப் போடுங்கள். கூட இருப்பவர் போடும் எண் பெரும்பாலும் கூடுதலாக வரும், எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை.


மலர்விழி, திருச்சி
9 ஏப்ரல், இரவு 10.30

அவர் போட்டது 11. நான் போட்டது 16.

கருவி வந்துவிட்டது. முதலில் ஈறு சுத்தம் செய்து, ஒரு சொத்தைப் பல்லை அடைத்தார்கள். அப்புறம் பல் அச்சு எடுத்தார்கள். தாடையை எவ்வளவு முன்னால் நீட்ட முடிகிறது என்று அளவுகோல் பொருத்திய ஒரு சின்னக் கட்டையைக் கடிக்கச் சொன்னார்கள். 11 மில்லிமீட்டர் வந்தது. 6இல் தொடங்கியிருக்கிறோம். மூன்று நாளுக்கு ஒரு தடவை, ஊசி போல ஒரு சாவியை இரண்டு பக்கமும் திருகில் விட்டு ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் என்றார்கள். அவருக்குக் கிட்டப் பார்வை தெளிவில்லை, அதனால் திருகுவது என் வேலை. தேதி போட்டு நாட்காட்டித் தாளில் குறித்து வைக்கிறேன்.

முதல் நாள் ராத்திரி அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாளிலிருந்து பரவாயில்லை. எச்சில் வடிகிறது, தலையணை மேல் ஒரு துண்டு விரித்துவிடுகிறேன். காலையில் பல் சேராதபோது முகம் மாறிப்போகிறது. கடிக்கும் தகட்டை வைத்துக்கொண்டு அப்படியே வேன் கண்ணாடி துடைக்கப் போய்விடுவார்.


மலர்விழி, திருச்சி
28 ஏப்ரல், காலை 6.10

நேற்று ராத்திரி சத்தமே இல்லை. 19 வருடம் அந்தச் சத்தத்தோடு தூங்கியவள் நான். திடீரென்று விழித்துப் பார்த்தால் அறை அமைதியாக இருக்கிறது, ஃபேன் சத்தம் மட்டும். பயந்துபோய் அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாக, சீராக வந்துகொண்டிருந்தது. அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

இப்போது பகலிலும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். மறுபடி ஸ்லீப் ஸ்டடிக்கு ஒரு தொகை ஆகும். பையனுக்கு ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் வேறு. இரண்டு மாதம் தள்ளிப் போடலாமா என்று யோசிக்கிறோம்.


சங்கர், திருநெல்வேலி
28 ஏப்ரல், காலை 6.55

தள்ளிப் போடாதீர்கள், சகோதரி. நான் ஒன்றரை வருடம் இருந்தது நீங்கள் இன்றைக்கு இருக்கும் இந்த இடத்தில்தான். இதே சந்தோஷம். என் மனைவிகூட ஒரு நாள் என் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். கை வைத்த நேரம் மூச்சு வந்தது.


இரவுப்பணி, சென்னை
29 ஏப்ரல், அதிகாலை 2.15

லேபில் வந்து படுக்க வேண்டும் என்றில்லை. முதல் ஸ்டடி முழுதாக எடுத்தாகிவிட்டதால், வீட்டிலேயே மூக்கில் குழாய், நெஞ்சில் பட்டை, விரலில் கிளிப் மாட்டி எடுக்கும் சின்னக் கருவி போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். செலவு நன்றாகக் குறையும். கருவியை வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும், மறக்காதீர்கள். மல்லாந்து படுத்த நேரம் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்று அறிக்கையில் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.


மலர்விழி, திருச்சி
17 மே, இரவு 9.00

எடுத்துவிட்டோம். சங்கர் அண்ணா, நீங்கள் சொன்னதுதான் நடந்தது. கருவியோடு ஏஹெச்ஐ 12. பாதி அளவுக்குக்கூடக் குறையவில்லை. பக்கவாட்டில் படுத்தபோது 5, மல்லாந்து படுத்தபோது 21. ராத்திரி ஏறத்தாழப் பாதி நேரம் மல்லாந்துதான் கிடந்திருக்கிறார். குறட்டை மட்டும் இரண்டிலும் இல்லை.

அவருக்கு ரொம்ப ஏமாற்றம். இவ்வளவு செலவு செய்து வீண் என்றார். பல் டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, வீண் இல்லை, இன்னும் முன்னால் கொண்டுபோக இடம் இருக்கிறது, இப்போதுதான் நமக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிகிறது என்றார். இன்னும் ஆறு சுற்று. கூடவே, பழைய பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, பையனின் ரப்பர் பந்தைப் போட்டு மாட்டிவிட்டேன். மல்லாந்தால் குத்தும், தானாகத் திரும்பிவிடுகிறார். எடையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி டீக்கடை பரோட்டாவை நிறுத்தியிருக்கிறார்.


பல் மருத்துவர், கோவை
18 மே, காலை 8.40

உங்கள் பல் டாக்டர் சரியாகச் செய்கிறார். நகர்த்தும்போது மூட்டில் வலி வந்தால் ஒரு சுற்று பின்னால் வந்து ஒரு வாரம் நிறுத்துங்கள். வலியோடு முன்னால் போக வேண்டியதில்லை. இதிலும் ஏஹெச்ஐ இறங்காவிட்டால், கருவியையும் சிபாப்பையும் சேர்த்தே பயன்படுத்தும் வழி இருக்கிறது. தாடை முன்னால் இருப்பதால் மெஷினுக்குக் குறைந்த காற்றழுத்தமே போதும். மாஸ்க்கைப் பிய்த்து எறிபவர்களில் சிலருக்கு அந்த அழுத்தம் குறைந்ததே பெரிய ஆறுதல்.


கௌரி, யாழ்ப்பாணம்
2 ஜூன், இரவு 7.45

டொக்டர், அப்பா சிபாப் போடுறார். நீங்கள் சொன்ன மாதிரி பல்லுச்செற்றைக் கழட்டிப் போட்டு மாஸ்க் அளவு பாத்தம். முந்தி வேற சைஸ் தந்திருக்கினம். இப்ப விடிய நாலு மணி மட்டும் கழட்டாமல் படுக்கிறார். மலர் அக்காவின்ர அவருக்கும் சரிவர வேணும்.


மலர்விழி, திருச்சி
6 ஜூலை, இரவு 8.20

நேற்று மூன்றாவது அறிக்கை வந்தது. கருவியோடு, பந்து வைத்த பனியனோடு, ஏஹெச்ஐ 4. ஆக்சிஜன் 90க்குக் கீழே போகவே இல்லை. நாலு கிலோ எடையும் குறைந்திருக்கிறது. எப்வொர்த்தில் அவர் போட்டது 5, நான் போட்டது 6. நுரையீரல் டாக்டர் ராத்திரி வண்டிக்குச் சம்மதம் சொன்னார், ஆனால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்று டிரைவர் வேண்டும் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் அச்சு.

நாளை மறுநாள் வேளாங்கண்ணி டிரிப். கருவியைப் பெட்டியில் போட்டு வேன் டேஷ்போர்டில், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மறக்காமல் இருக்குமாம்.


பல் மருத்துவர், கோவை
6 ஜூலை, இரவு 8.50

மனம் நிறைந்துவிட்டது, மலர்விழி. ஆனால் டேஷ்போர்டில் வேண்டாம்! கண்ணாடி வழியாக வரும் வெயிலில் தகடு வளைந்துவிடும், அப்புறம் பல்லில் உட்காராது. சுடுதண்ணீரிலும் கழுவக் கூடாது. பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சாதா சோப்பும் பச்சைத் தண்ணீரும் போதும்.


மலர்விழி, திருச்சி
6 ஜூலை, இரவு 9.05

எடுத்துத் துணிப்பையில் வைத்துவிட்டார், டாக்டர். சாவி என்னிடம் இருக்கிறது.